எண் இல்லாத செய்தி

"இந்த நாய் செத்துப்போச்சுன்னு எங்கே எழுதியிருக்கே, தோவா?"

குயெத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை விரலால் தட்டினார்.

"எங்கேயும் எழுதலைண்ணே."

"பின்னே பிள்ளைங்க எப்படி விடை போடும்?"

"படிச்சுத்தான்."

மேசையின் மறுமுனையில் டியெம் கிளுக்கென்று சிரித்தாள். "அக்கா, நம்ம பிள்ளைங்க படிச்சுட்டா விடை போடுது? எங்க டியூஷன்ல நானே அப்படிச் சொல்லிக் குடுக்கறதில்லே. கேள்வியில இருக்கற வார்த்தையைப் பத்தியில தேடு, கிடைச்சா அதே வரியில விடை இருக்கும், கட்டத்தைக் கறுப்பாக்கு. முழுசாப் படிக்காதே, நேரம் போயிடும்."

"அதனாலதான் இந்தப் பத்தி. எந்த வார்த்தையைத் தேடினாலும் கிடைக்காது."

தோவா எழுதியிருந்தது நூற்றிருபது ஆங்கிலச் சொற்கள். ஒரு சிறுமி பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நாய் ஓடி வரவில்லை. அடுப்படியில் அதன் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா திரும்பிப் பார்க்காமல், முதலில் சாப்பிடு என்கிறாள். அவ்வளவுதான். என்ன நடந்திருக்கும் என்பதுதான் முப்பத்தெட்டாம் கேள்வி.

"மலைப்பக்கத்துப் பிள்ளைங்களை நெனச்சுப் பாரு," என்றார் குயெத். "நம்ம பாஷையில நேத்துச் சாப்பிட்டாலும் நாளைக்குச் சாப்பிட்டாலும் சொல்லு ஒண்ணுதான். அதுக இங்கிலீஷ் வினைச்சொல்லுக்குக் காலம் காட்டற வால் ஒட்டவே திணறுதுங்க. வரிக்கு வரி எழுதியிருக்கறதைப் புரிஞ்சுக்கவே முழி பிதுங்குது. எழுதாததை வேற புரிஞ்சுக்கணுமா?"

"நாப்பதுல ஒண்ணுதானேண்ணே."

"அந்த ஒண்ணுலதான் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும், இன்னொண்ணு செருப்புக் கம்பெனிக்குப் போகும்."

மாகாணம் முழுக்கப் பதினாலாயிரம் பிள்ளைகள் எழுதப்போகும் நுழைவுத் தேர்வு அது. அந்த ஆங்கிலக் கேள்வித்தாளைத் தயாரிப்பதற்காகத்தான் இந்த மூன்று ஆசிரியர்களையும் அரசு விருந்தினர் மாளிகையின் மூன்றாம் மாடியில் வைத்துப் பூட்டி நாலு நாளாகிறது. போன் இல்லை, இணையம் இல்லை. ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டி, ஓரங்களில் சிவப்பு முத்திரை. கசக்கிப் போட்ட தாள்கூட வெளியே போகாது. வெளியிலிருந்து வரும் ரொட்டியும் அவித்த முட்டையும் காவலர்கள் இரண்டாக வெட்டிப் பார்த்த பிறகுதான் தட்டுக்கு வரும். கடைசித் தேர்வில் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைக்கும் வரை உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது. தாய் தகப்பன் போனாலும் சரி என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போடும்போது தோவாவின் பேனா ஒரு கணம் நின்றது உண்மைதான். அவளுடைய அப்பா ஒரு வருஷமாக நுரையீரல் நோயில் கிடந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். ரகசிய வேலை என்பதால் பயிற்சிக்குப் போகிறேன் என்றுதான் அவரிடம் சொன்னாள். பரீட்சை நடக்கும் ஜூன் மாசத்தில் எந்தப் பயிற்சி என்று அவருக்குத் தெரியாதா?

"போ, போ. இங்க உக்காந்து என் மூச்சை எண்ணிட்டிருக்கப் போறியா? எனக்கே எண்ணத் தெரியும்," என்றார்.

கதவிலிருந்த சிறு திறப்பை யாரோ தட்டினார்கள். காவல் பொறுப்பிலிருந்த கேப்டன் லுக். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார், இந்த வெயிலிலும். அவசரச் செய்தி என்றால் குடும்பத்தார் கீழே வாசலில் வந்து சொல்ல வேண்டும். அதை அவர் நோட்டில் எழுதி, அதிகாரியிடம் காட்டிவிட்டு மேலே வந்து வாசிப்பார்.

"தோவா டீச்சருக்குச் செய்தி. உங்க தம்பி தோன் வந்திருந்தார்." நோட்டைப் பிரித்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். "அப்பா கஞ்சி குடிக்கிறார். கவலை வேண்டாம். கீழ் இழுப்பறைச் சாவி எங்கே என்று அம்மா கேட்கிறார். அவ்வளவுதான்."

"பாத்தீங்களா அக்கா, கஞ்சி குடிக்கறாராம்!" என்றாள் டியெம் சந்தோஷமாக.

தோவா எழுந்து கதவருகே போனாள். நோட்டைக் கேட்டு வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கேப்டன் தந்த சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள்.

'சாவி தேயிலை டப்பாவுக்குள். அப்பா எப்போது போனார்?'

கேப்டன் நிமிர்ந்தார். "டீச்சர், கஞ்சி குடிக்கிறார்னுதானே வந்திருக்கு?"

"ஆமா."

"அப்புறம்?"

"அந்த இழுப்பறையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு கேப்டன். அப்பாவோட போட்டோ. போன வருஷம் அவரே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துட்டு வந்தார். பின்னாடி முன்னோர் மாடத்துல வைக்கறதுக்கு. கோட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டிருந்தாங்க. அம்மா அதைப் பாக்கும்போதெல்லாம் அழுதாங்கன்னு நான்தான் பூட்டி வெச்சேன்."

மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டியெம் வாயில் வைத்த ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

கேப்டன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அனுப்பறேன்," என்றார். திறப்பு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் தோவா உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். குயெத் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். அது ஆறிப்போகும் வரை அப்படியே இருந்தது.

"நான் மேலே எழுதிப் பாக்கறேன் தோவா. விசேஷ அனுமதி ஏதாவது..."

"எதை எழுதுவீங்கண்ணே? நாப்பது கேள்வியும் என் தலைக்குள்ள இருக்கு. தலையைக் கழட்டி வெச்சுட்டுப் போகச் சொல்வாங்களா?"

குயெத் தலையைக் குனிந்துகொண்டார். இதே வேலையை ஒன்பது முறை செய்தவர். அவருக்கும் விதி தெரியும்.

"எனக்குப் போகணும்னு இல்லே," என்றாள் தோவா மெதுவாக. "போக முடியாதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். துக்கத்துக்குத் தலையில கட்ட வெள்ளைத் துணி வேணும். எப்ப எடுக்கறாங்கன்னு தெரியணும். அது போதும்."

எப்போது எடுக்கிறார்கள் என்பது சும்மா கேட்ட கேள்வி அல்ல. அவர்கள் கடற்கரைப் பக்கத்தில், சவப்பெட்டி மண்ணுக்குள் போகும் வரை அப்பா வீட்டில்தான் இருக்கிறார். உயிரோடிருப்பவரை வணங்குவது போல இரண்டு முறை விழுந்து வணங்க வேண்டும். மண் மூடியபின் நான்கு முறை. புதைக்கும் முன்னே நான்கு முறை விழுந்தால், அவரை நாமே அவசரப்படுத்தி அனுப்பியது போல. புதைத்த பிறகும் இரண்டோடு நிறுத்தினால், அவர் போனதை ஒப்புக்கொள்ளாமல் பிடித்து வைப்பது போல. பெற்ற பிள்ளை இதில் தப்புச் செய்யக்கூடாது.

மறுநாள் காலை பதில் வந்தது. கேப்டன் இம்முறை வாசிக்கவில்லை. தாளையே திறப்பு வழியாக நீட்டினார்.

'அக்கா, நீ அழுவாய் என்றுதான் மறைத்தோம். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வெயில் கடுமையாக இருப்பதால் உனக்காகக் காத்திருக்க முடியாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நாள் பார்த்தாயிற்று.' அடுத்த வரியில் இரண்டு இடங்களில் கறுப்பு மை. 'அன்று காலை' என்ற சொற்களும் 'மணிக்கு' என்ற சொல்லும் மட்டும் மைக்கு நடுவே மிஞ்சியிருந்தன. கடைசியாக, 'அம்மா உன்னை வேலையை முடிக்கச் சொன்னாள்.'

"எந்த நாள்ங்கறதையும் அடிச்சுட்டீங்களா?"

"கிழமை போட்டிருந்தார் டீச்சர்."

அதுதான் சங்கடம். அவர்கள் மொழியில் கிழமைகளுக்குத் தனிப் பெயர் கிடையாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று எண்தான் பெயர். எண்ணோ தனி எழுத்தோ எந்தச் செய்தியிலும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது.

"கேப்டன், நான் விடைத்தாள் கேக்கலை. எங்கப்பாவை எப்ப மண்ணுல வைக்கறாங்கன்னு கேக்கறேன்."

"தெரியுது டீச்சர்." அவர் குரல் மாறவில்லை, ஆனால் பார்வை தரைக்குப் போனது. "எனக்கு அது நேரம். நாளைக்கு விசாரணைன்னு வந்து உக்காரறவனுக்கு அது கேள்வி நம்பர். பக்கத்து மாகாணத்துல ஒரு தடவை அப்படி ஆச்சு. ஒரு வாழ்த்துச் செய்திதான். தாளையே மாத்தினாங்க, மூணு பேருக்கு வேலை போச்சு."

"சரி."

"துணி வந்திருக்கு."

அவர் ஒரு எஃகுக் கிண்ணத்தைத் திறப்பின் விளிம்பில் வைத்தார். அதில் தண்ணீர். அவள் கண் முன்னாலேயே, வெள்ளை வலைத்துணிப் பட்டையை நீள நீளமாக அதற்குள் இறக்கினார். துணியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது இருந்தால் தண்ணீரில் தெரிந்துவிடும் என்பது விதி. ஒரு நிமிஷம் ஊறவைத்தார். எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிழிந்தார். பிழிந்ததை அப்படியே கொடுக்க மனம் வராமல், உதறி, நான்காக மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

தோவாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டியெம்தான் பின்னால் நின்று கட்டிவிட்டாள். ஈரம் நெற்றி வழியாக இறங்கிப் புருவத்தில் நின்றது. அது தண்ணீர்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் டியெம் சமையலறைக்குச் சீட்டு எழுதினாள். கிண்ணத்தில் சோறு, அவித்த முட்டை. போனவருக்குச் சோற்றின் மேல் முழு முட்டை வைத்துப் படைக்க வேண்டும். சோறு வந்தது. முட்டை வழக்கம்போல இரண்டாக வெட்டித்தான் வந்தது.

"மடையனுங்க," என்று பல்லைக் கடித்தாள் டியெம். "எதுக்குன்னு எழுதினேனே அக்கா. கொட்டை எழுத்துல எழுதினேன்."

"அவங்க வேலை அது. குடு இப்படி."

தோவா இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துச் சோற்றில் அழுத்தினாள். மஞ்சள் கரு கொஞ்சம் விலகி நின்றது. ஊதுபத்திக்கு வழியில்லை, காகிதம் நிறைந்த அறையில் தீக்குச்சி கூடாது. கிண்ணத்தைக் கிழக்கு ஜன்னல் திட்டில் வைத்தாள். முத்திரை குத்திய பழுப்புத் தாளுக்கு அப்பால், நாற்பது கிலோமீட்டரில் அவள் ஊர்.

"இப்ப கும்பிடலாமா அக்கா?"

"ரெண்டா, நாலா?"

டியெம் விழித்தாள். "ரெண்டும் சேர்த்து ஆறா விழுந்துடுங்களேன். எது சரியோ அதை அவர் எடுத்துக்கட்டும்."

தோவாவின் உதட்டில் முதன்முறையாக ஒரு சிரிப்பு வந்து போனது. "அப்பா லாரிக்காரர்டி. சரக்கு ஒண்ணு கூடினாலும் கொறைஞ்சாலும் இறக்க விடமாட்டார்."

வேலை நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. கேள்விகளை மூன்று பேரும் மாறி மாறித் தேர்வு எழுதிப் பார்த்தார்கள். கடைகளில் விற்கும் பயிற்சிப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அவற்றில் எதிலாவது அதே வாக்கியம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். ஒரே தாளை இருபத்துநாலு பிரதிகளாக வரிசை மாற்றி, அதற்கு இருபத்துநாலு விடைப் பட்டியல் போட்டு, சரிபார்த்து, மறுபடி சரிபார்த்தார்கள். தலையில் வெள்ளைக் கட்டோடு தோவா காற்புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு தப்பைக்கூட விடவில்லை. குயெத் விட்ட இரண்டை அவள்தான் பிடித்தாள்.

துணி வந்த அன்று மாலையில் குயெத்தே பேச்சை எடுத்தார்.

"அந்த நாய்ப் பத்தி இருக்கட்டும் தோவா. நான் சொன்னது தப்பு. எழுதாததையும் படிக்கணும்தான். நேத்து என் கண்ணாலயே பாத்துட்டேன்."

"வேண்டாம்ணே."

"ஏன்?"

"எடுத்துருங்க." அவள் முப்பத்தெட்டாம் கேள்வியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். "நேத்துக் காலையில இது ஒரு கெட்டிக்காரத்தனமான கேள்வின்னு நெனச்சேன். இந்தப் பதினாலாயிரத்துல எத்தனை வீட்டுல தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்களோ. அந்தப் பிள்ளை பரீட்சை ஹால்ல இதைப் படிச்சுட்டு, அடுத்த கேள்விக்கு எப்படிப் போகும்? இன்னும் ரெண்டு கேள்வி மிச்சமிருக்கும்."

அன்றே அவள் வேறு பத்தி எழுதினாள். ஆற்றுப் படகில் நூலகம் நடத்தும் ஒருவரைப் பற்றி. எல்லா விடையும் வரியிலேயே இருந்தது.

அடுத்த நாள் விடியும்போதே அவள் எழுந்து கிழக்கு ஜன்னல் முன் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கா? நேற்றே ஆகிவிட்டதா? நாளைக்கா? பழுப்புத் தாளில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் உச்சிக்குப் போனதும் எழுந்து வேலைக்கு வந்தாள். எத்தனை முறை விழுவது என்று தெரியாமல் முழங்கால் மடங்கவே இல்லை அன்றைக்கு. கேட்டு வாங்க இன்னொரு சீட்டு எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டாள். பதிலில் மறுபடியும் மைதான் வரும்.

அதற்கு மறுநாள் காலை.

ஜன்னல் முத்திரைகளைத் தினமும் மாலை ஐந்து மணிக்குத்தான் சோதிப்பார்கள். அன்று காலைத் தேநீர் வருவதற்கு முன்பே பூட்டுத் திறந்தது. கேப்டன் லுக்கும், உடன் ஒரு பெண் காவலரும். அறைக்குள் வருவதென்றால் இரண்டு பேராகத்தான் வர வேண்டும்.

"முத்திரை பாக்கணும்," என்றார் கேப்டன்.

"நேத்து சாயங்காலம்தானே பாத்தீங்க?" என்றாள் டியெம், பல் துலக்கிய நுரையோடு.

அவர் மற்ற ஜன்னல்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கிழக்கு ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொரு முத்திரையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு எட்டுப் பின்னால் வந்து, கால்களைச் சேர்த்து நின்று, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

பெண் காவலரும் மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

தோவாவுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. வெள்ளைக் கட்டை இழுத்துச் சரிசெய்தாள். அவருக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். இந்நேரம் ஊரில் பெட்டியைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். தம்பி தலைமாட்டில் நிற்பான். அம்மாவை யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் நெற்றி தரையில் பட விழுந்தாள். எழுந்தாள். இரண்டாவது முறை விழுந்தாள்.

பிறகு மண்டியிட்டபடியே காத்திருந்தாள். குயெத்தும் டியெமும் அவளுக்குப் பின்னால் வந்து கைகட்டி நின்றார்கள். கேப்டனின் கழுத்துப் பொத்தானுக்கு மேலே வியர்வை உருண்டு இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கடிகார முள் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷமா, பத்து நிமிஷமா, அவள் எண்ணவில்லை. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கேப்டன் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஒன்று. நெற்றியில் தரையின் குளிர்ச்சி. இரண்டு. மூன்றில் அவளால் எழ முடியவில்லை. டியெம் ஓடி வரப் பார்த்தாள், குயெத் கையை நீட்டித் தடுத்தார். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. வெகுநேரம் கழித்துத் தானே கையை ஊன்றி எழுந்தாள். நான்காவது முறை விழுந்து, நிதானமாக, முழுதாக வணங்கி எழுந்தாள்.

கேப்டனைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் வாசலுக்குப் போய் நோட்டைத் திறந்திருந்தார். எழுதுவதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார், விதிப்படி.

"கிழக்கு ஜன்னல் முத்திரை சோதிக்கப்பட்டது. எல்லாம் ஒழுங்காக உள்ளது. அறையில் இருப்பவர்களோடு எந்தப் பேச்சும் நடக்கவில்லை."

பெண் காவலர் கீழே கையெழுத்துப் போட்டார். வெளியே பூட்டு விழுந்தது.

தோவா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பதினேழாவது பிரதி எங்கே இருக்கு?" என்றாள்.